உடைக்காத இயந்திரத்தின் இலக்கத் தகடு

நான் வேலை செய்த நிதி நிறுவனத்தின் புளியந்தீவுக் கிளை இந்த ஆண்டு மலர் ஒன்று வெளியிடுகிறதாம். வெயிலில் ஓடும் நீரிறைப்பு இயந்திரங்களை வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குக் கொண்டுபோன கதையை அதில் சொல்ல வேண்டுமாம். கிளையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். "உங்கட அனுபவத்த எழுதித் தாங்க சேர். நல்ல விசயமா நாலு எழுதினாச் சரி," என்றாள். அட்டைப்படத்தையும் அனுப்பிவைத்தாள்.

படத்தைத் திறந்து பார்த்தேன். சோலார் தகட்டின் பக்கத்தில் நின்று சிரிக்கிறவள் தங்கேஸ்வரி. உன்னிச்சைப் பக்கத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, செய்கிறவள். "மண்ணெண்ணெயிலிருந்து விடுதலை" என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்தவன் நான். அவளுடைய கிணற்றடியிலிருந்து அந்த இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தவனும் நான்தான். ஆகவே நல்ல விஷயமாக நாலு எழுத எனக்கு வழியில்லை. நடந்ததை எழுதுகிறேன். மலரில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்து உத்தியோகத்துக்கு வந்தவன் அல்ல. பட்டணத்தில் ஒரு கராஜில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் திருத்தியே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன். சண்டைக் காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காது. ஒரு செத்த இயந்திரத்தின் வயிற்றை அறுத்து இன்னொன்றுக்கு உயிர் கொடுப்போம். ஆயித்தியமலை தாண்டி எந்தக் கிணற்றில் எந்த இயந்திரம் நிற்கிறது, அதற்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரியும். நிறுவனம் என்னை எடுத்ததும் அதற்காகத்தான். புதுச் சாமானை நம்பாத விவசாயி என் முகத்தைப் பார்த்தால் கையெழுத்து வைப்பான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கொழும்பில் ஐந்து நாள் பயிற்சி. குளிரூட்டிய அறை, பெட்டிச் சோறு, பாதி விளங்காத பாடம், கடைசி நாளில் ஒரு சான்றிதழ். அவ்வளவுதான் என் படிப்பு.

வியாபாரம் இதுதான். விவசாயி இயந்திரத்தைத் தவணைக்கு எடுப்பார். மாதத் தவணையைக் கைத்தொலைபேசிச் செயலியில் கட்டுவார். இயந்திரத்தோடு ஒரு சிறிய பெட்டி பூட்டியிருக்கும். அதற்குள் ஒரு சிம் அட்டை. எத்தனை மணித்தியாலம் தண்ணீர் இறைத்தது என்று அது தலைமையகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அத்தனை மணித்தியாலம் மண்ணெண்ணெய் எரியவில்லை, அத்தனை புகை வானத்துக்குப் போகவில்லை என்று கணக்கெழுதி, போகாத அந்தப் புகையை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்பார்கள். வருகிற காசில் ஒரு துளி விவசாயியின் தவணையில் கழியும். தலைமையகம் நினைத்தால் அதே சிம்மின் வழியாக இயந்திரத்தைப் பூட்டவும் முடியும். கொழும்பில் ஒருவர் விரலை வைத்தால் உன்னிச்சையில் தண்ணீர் நிற்கும். இதை முதல் தடவை கேட்டபோது நான் வாயைப் பிளந்தது உண்மை. அதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பூட்டுகிற வேலையை ஒழுங்காகச் செய்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. முதலில் கிணற்றின் ஆழம் பார்ப்பேன். பிறகு நிழல் பார்ப்பேன். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை வந்து, எந்த மரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று தடி நட்டு அடையாளம் வைப்பேன். தகட்டைத் தெற்குப் பார்க்க வைத்து, மழைத்தண்ணீர் வழிந்தோடும் அளவுக்கு மட்டும் சாய்ப்பேன். வெயிலோடு எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. சரியாகப் பூட்டினால் சத்தமில்லாமல், நாற்றமில்லாமல் நாள் முழுக்க இறைக்கும்.

எல்லாம் முடிந்ததும் பழைய மண்ணெண்ணெய் இயந்திரத்தை உடைக்க வேண்டும். அது ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை. பழையது உயிரோடு இருந்தால் போகாத புகையை விற்க முடியாதே. சம்மட்டியால் அடித்து இயந்திரத்தின் உடம்பைப் பிளந்து, அதன் இலக்கத் தகடு தெரியும்படி படமெடுத்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் புதியதன் பூட்டுத் திறக்கும். நான் கடைந்து, நான் வளையம் மாற்றி, நான் ஓடவைத்த இயந்திரங்களை நானே உடைத்தேன். சொந்தக்காரர்கள் சற்றுத் தள்ளி நின்று வேறு பக்கம் பார்ப்பார்கள். எனக்கும் மனம் கேட்காது. ஆனால் சம்பளம் கேட்குமே.

தங்கேஸ்வரியின் இயந்திரத்தை மட்டும் நான் உடைக்கவில்லை.

அவளுடைய கணவன் கத்தாரில். மேட்டுக் காணியில் ஒரு ஏக்கர் கச்சானை அவளே பார்த்தாள். நான் சம்மட்டியைத் தூக்கியபோது அவள் அழவோ மறிக்கவோ இல்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். "மழ மூட்டம் போட்டா உங்கட தகடு இறைக்குமா, அண்ண?" என்றாள். இறைக்காது என்று எனக்குத் தெரியும். அந்த இயந்திரமும் என் கைபட்டது. அதன் இலக்கத் தகட்டை மட்டும் திருகாணி கழற்றி எடுத்துக்கொண்டு, இதை யாருக்கும் காட்டாமல் கொட்டிலுக்குள் சாக்குப் போட்டு மூடி வை என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஊரில் வேறொருவரின் இயந்திரத்தை உடைத்தபோது இவளுடைய தகட்டை அதன்மேல் வைத்து இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்தேன். தலைமையகம் அதை ஏற்றுக்கொண்டது. அவளுடைய பூட்டும் திறந்தது. அன்று அவள் சிரித்த சிரிப்பைத்தான் இப்போது மலரின் அட்டையில் போட்டிருக்கிறார்கள்.

இனி எங்கள் கிளை முகாமையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் வளர்ந்தவர். என்னைவிட மிகவும் இளையவர், ஆனாலும் என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அவருடைய மேசையில் ஒரு சிறிய விசிறி இருந்தது. எப்போதும் அவரைப் பார்த்தே சுழலும். யாரையாவது கூப்பிட்டுக் கெட்ட செய்தி சொல்வதென்றால் முதலில் அந்த விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவார். வேலை போனவர்களும் இடமாற்றம் வந்தவர்களும் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டுதான் செய்தியைக் கேட்டார்கள். கிளையில் நாங்கள் அதற்குப் பயப்படுவோம். இன்றைக்கு யாருக்குக் காற்று என்று எங்களுக்குள் பகிடியாகக் கேட்டுக்கொள்வோம்.

அடுத்த வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தது. எங்கள் பக்கத்தில் இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை கதவு திறந்து, அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்தி பாடி முடியும்வரை சடங்கு நடக்கும். தாய்வழியில் வருகிற ஒவ்வொரு குடிக்கும் அதில் ஒரு பொறுப்பு இருக்கும். அந்த வருடம் பெரிய பொறுப்பு தங்கேஸ்வரியின் குடிக்கு. பொறுப்பெடுத்த வீட்டார் சடங்கு முடியும்வரை காணிக்குள் கால் வைப்பதில்லை என்பது அவர்கள் ஊர் வழக்கம். அவள் அதற்கு முதல் நாளே கச்சானுக்கு முட்டத் தண்ணீர் கட்டி, வரிசைக்கு வரிசை வைக்கோல் பரப்பிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனாள். அந்த ஈரம் பத்து நாளைக்குத் தாங்கும். கச்சான் செய்கிற எவருக்கும் அது தெரியும்.

பெட்டிக்குத் தெரியாது. ஏழு நாள் இயந்திரம் ஓடவில்லை என்று அது கொழும்புக்குச் சொல்ல, போய்ப் பார் என்று எனக்குக் கட்டளை வந்தது. வலையிறவுப் பாலம் தாண்டிப் போனேன். காணியில் யாரும் இல்லை. கோயிலடியில் போய் அவளைக் கண்டேன். நாளை மறுநாள் குளிர்த்தி முடிந்ததும் இறைப்பேன் என்றாள். சரி என்று திரும்பி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கைத்தொலைபேசியில் படிவத்தைத் திறந்தேன். காரணம் என்ற இடத்தில் நான்கு தெரிவுகள்தான். இயந்திரம் பழுது. கிணற்றில் நீரில்லை. வாடிக்கையாளர் ஊரில் இல்லை. வாடிக்கையாளர் பயன்படுத்தவில்லை. சடங்கு என்று எழுத இடமில்லை. பழுது என்றால் பழுதைப் படமெடுக்க வேண்டும். நீரில்லை என்றால் கிணற்றைப் படமெடுக்க வேண்டும். அவள் ஊரில்தான் இருந்தாள். உள்ளதில் உண்மை நாலாவதுதான் என்று அதை அமத்தினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் அப்போது என் கவலை.

மறுநாள் இயந்திரம் பூட்டப்பட்டது. ஒரு தவணையும் பிந்தாதவள் அவள். பயன்படுத்தாதவர்களின் இயந்திரங்களைப் பூட்டி, கூடுதல் மணித்தியாலம் ஓடும் இடத்துக்கு மாற்றும்படி தலைமையகத்தில் ஒரு விதி போட்டிருந்தார்களாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சடங்கு முடிந்து காணிக்கு வந்தவள் பெட்டியில் சிவப்பு விளக்கைக் கண்டு எனக்கு அழைப்பு எடுத்தாள். கச்சான் பூத்து, பூவிலிருந்து விழுது இறங்குகிற நேரம். மண் இளகி இருந்தால்தான் விழுது உள்ளே போய்க் காய் பிடிக்கும். இறுகினால் அந்தரத்தில் நின்று காயும். இரண்டு நாளில் சரியாக்கித் தருகிறேன் என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

பூட்டைத் திறக்க மீளாய்வு என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் தொலைபேசிக்கு இயந்திரக் குரல் ஒன்று பேசும். கேள்விகளுக்கு இலக்கம் அமத்த வேண்டும். அவளுக்கும் பேசியது. நீர் இறைக்க விருப்பமா என்று கேட்டதாம், ஆம் என்று அமத்தினாளாம். உங்களிடம் மண்ணெண்ணெய் இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டதாம். அதற்கும் ஆம் என்று அமத்திவிட்டாள். அவளே எனக்கு அழைத்துச் சொன்னாள். ஏன் பிள்ளை அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"இரிக்கிறத இல்லையெண்டு அமத்தவா, அண்ண? அம்மன்ட சடங்கு முடிச்ச கை. ஈரம் காயமுன்னம் பொய்ய அமத்தேலுமா?" என்றாள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் முகாமையாளர் கூப்பிட்டார். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் விசிறியை என் பக்கம் திருப்பினார்.

மேசையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று நான் அனுப்பிய உடைந்த இயந்திரம், மேலே அவளுடைய இலக்கத் தகடு. மற்றது தலைமையகத்திலிருந்து திடீரென்று வந்து பார்த்தவர் கொட்டிலில் எடுத்தது. சாக்கை விலக்கிய முழு இயந்திரம், தகடு இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள். அவர் என்னைத் திட்டவில்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டார். பதினொன்று என்றேன். சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாவற்றையும் பற்றி மிகவும் அக்கறையாக விசாரித்தார். பிறகு ஏற்கனவே அச்சடித்து வைத்திருந்த தாளை என் பக்கம் தள்ளினார். வாடிக்கையாளரின் பழைய இயந்திரம் என் முன்னிலையில் உடைக்கப்பட்டது, பின்னர் அவர் வேறொரு இயந்திரத்தை வாங்கி நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார் என்று அதில் இருந்தது.

"ஐயா, ஒரு படம் பிழை என்று வெளியில் போனால் இந்தக் கிளையின் எல்லாப் படமும் பிழையாகிவிடும். உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை," என்றார்.

அவருடைய பதவி உயர்வுக்காகவும்தான் சொன்னார். அது எனக்கு விளங்கியது. இல்லை, இலக்கத் தகட்டைக் கழற்றியவன் நான் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். என்ன நடந்திருக்கும்? வேலை போயிருக்கும். பணிக்கொடை போயிருக்கும். மகளின் கலியாணம் தள்ளிப்போயிருக்கும். யாரும் செத்திருக்க மாட்டோம். நான் கையெழுத்துப் போட்டேன். முகாமையாளர் நன்றி சொல்லி விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கழற்றப் போகும் வேலையும் எனக்கே வந்தது. அங்கே போனபோது மேட்டுப் பக்கத்துக் கச்சான் பாதி சுருண்டு கிடந்தது. விழுதுகள் மண்ணைத் தொடாமல் நூல் நூலாகக் காய்ந்து நின்றன. இரண்டு வாளியால் அள்ளி ஊற்றியே தாழ்ந்த பக்கத்தை அவள் காப்பாற்றியிருந்தாள். நான் சோலார் தகட்டை இறக்கும்போது ஏணியை அவள்தான் பிடித்தாள். பழைய இயந்திரத்தைக் கயிறு சுற்றி இழுத்துப் பார்த்ததாகவும் அது முழிக்கவில்லை என்றும் சொன்னாள்.

கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். படுத்துக் கிடந்ததில் எண்ணெய் போகும் துளை அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி ஊதித் துப்புரவாக்கி, முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடியது. நிறுவனத்தின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் செய்த கடைசி உருப்படியான வேலை அதுதான். தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க அண்டைக்கு இத உடைச்சிரிந்தா நான் என்ன கதி, அண்ண? ஒபிசில என்னப் பொய்க்காரியெண்டு எழுதிப் போட்டாங்களாம். அங்க உள்ள ஆக்களில நீங்க ஒராள்தான் எனக்கு ஞாயமா நடந்தீங்க," என்றாள்.

நான் ஓம் என்றேன்.

அந்தத் தாளின் விஷம் இயந்திரத்தோடு நிற்கவில்லை. மறைத்தவர் என்ற குறி அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தின் செயலியும் அவளுக்கு ஒரு விசைத்தெளிகருவிகூடத் தவணைக்குக் கொடுக்கவில்லை. அவளிடமிருந்து கழற்றிய இயந்திரத்தைக் கல்குடாவில் ஒரு சுற்றுலா விடுதியில் கொண்டுபோய்ப் பூட்டினேன். அங்கே சீமெந்தில் செய்த மலை ஒன்றின்மேல் தண்ணீரை ஏற்றி விழுத்துகிறது. விழுந்த தண்ணீர் திரும்பத் தொட்டிக்குள் போகிறது. வெயில் இருக்கும்வரை ஓடுகிறது, பெட்டி மணித்தியாலத்தை எண்ணுகிறது. பெட்டியின் பதிவை மாற்ற வேண்டுமென்று இரண்டு தடவை எழுதினேன். மாற்றவில்லை. உன்னிச்சையில் தங்கேஸ்வரி எரிக்காத மண்ணெண்ணெய் என்றுதான் அது இன்றைக்கும் விற்கப்படுகிறது. அவளோ நாளாந்தம் எரிக்கிறாள்.

நான் ஓய்வு பெற்றேன். பணிக்கொடை முழுதாக வந்தது. மகளின் கலியாணமும் நடந்தது. ஒவ்வொரு வருடமும் அறுவடை முடிய ஆயித்தியமலை பஸ்சில் எனக்கு ஒரு சாக்குக் கச்சான் வந்தது. என் பெயரைப் பென்சிலால் எழுதி, வாயை இறுகத் தைத்து அனுப்புவாள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டுவாளோ என்னவோ, சாக்கில் லேசாக மண்ணெண்ணெய் மணக்கும். அவித்துத் தின்றோம். அயலுக்கும் கொடுத்தோம். மூன்று வருடம்.

மலரின் அட்டைப்படம் வந்ததும் கிளைக்கு அழைத்து அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். தலைமையகம் தெரிவு செய்த படம் சேர், என்னால் மாற்றேலாது என்றாள் அந்தப் பிள்ளை. இப்போதெல்லாம் பார்க்கப் போகிற உத்தியோகத்தரே கிடையாதாம். பெட்டியே முடிவெடுத்துப் பெட்டியே பூட்டுகிறதாம். உங்கள் காலத்தில் மனிசர் பார்த்தபடியால் நல்லா இருந்திருக்கும் என்று அவள் சொன்னபோது எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

போன மாதம் உன்னிச்சைக்குப் போனேன். தங்கேஸ்வரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கதிரை போட்டாள், தேத்தண்ணி தந்தாள். அட்டைப்படத்தைக் காட்டினேன். பிறகு தகடு, படம், தாள், கையெழுத்து எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். முகாமையாளர்தான் எழுதிவைத்திருந்தார் என்று ஓரிடத்தில் சொல்லப் போய், அதையும் நிறுத்திக்கொண்டேன். அவள் கோபப்படுவாள், ஏசுவாள், அதோடு எனக்குப் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் போனேன் என்பதை அந்த நேரம்தான் உணர்ந்தேன்.

அவள் என் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள்.

"மூணு வருசம் கச்சான் அனுப்பினன். வாங்கித் திண்டீங்கதானே, அண்ண," என்றாள்.

எழும்பிப் போய் இயந்திரத்துக்குக் கயிறு சுற்றினாள். முதல் இழுவையில் கிளம்பவில்லை. நான் எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ இழுத்துத் தானே கிளப்பினாள். சத்தத்தில் நான் போய்வருகிறேன் என்று சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.

அறுவடை முடிந்துவிட்டது. இந்த வருடம் பஸ்சில் எனக்கு ஒன்றும் வரவில்லை.